ஒரே கட்டளை, பல தடங்கள்

"த்ரீ பேஸ் வந்துருச்சுங்களா?" அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் நெடுங்காலம் முறை வைத்துத்தான் வந்தது, பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று. கிணற்று மோட்டார் மும்முனையில்தான் ஓடும். அதனால் நடுச்சாமத்தில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு வரவேண்டும். பாம்புக்கடி, மின்கசிவு என்று அந்த நடையில் உயிரை விட்டவர்கள் உண்டு.

அந்த நடையைக் குறைத்த கருவி மொபைல் ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டர் பெட்டியோடு இணைந்த ஒரு சிறு பலகை, அதில் ஒரு சிம் கார்டு, கரண்ட் போனாலும் விழித்திருக்க ஒரு பேட்டரி. வீட்டுத் திண்ணையிலிருந்தோ திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்தோ மோட்டாரை எடுத்துவிடலாம், நிறுத்தலாம். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய கோவையில் இந்தக் கருவியைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியம் தருகிறது.

நமக்கு வேண்டியது அந்தப் பெட்டிக்குள் நடக்கும் ஒரு சங்கதி. 'மோட்டாரைப் போடு' என்னும் ஒரே கட்டளை அதற்குப் பல தடங்களில் வந்து சேர்கிறது. அந்த எண்ணுக்கு அழைத்து, எடுத்ததும் 1 என்ற பொத்தானை அமுக்கலாம். சில கருவிகளுக்கு ஒரு மிஸ்டு கால் போதும். எஸ்எம்எஸ் அனுப்பலாம். புதிய கருவியானால் கைப்பேசிச் செயலியைத் திறந்து தொடலாம். தோட்டக்காரருக்கு இவை நான்கும் ஒன்றுதான். கருவிக்கு உள்ளே நிரல் எழுதுகிறவருக்கு இவை நான்கும் குணத்தில் வேறு வேறு. குணம் வேறான தடங்களின் மேல் ஒரே வேலையை ஒழுங்காக ஓடவைப்பது எப்படி? வலையமைப்புகள் தோன்றிய காலத்திலிருந்து பொறியாளர்கள் கேட்டுவரும் கேள்வி இது. இன்றைய இணையத்தின் வடிவமே பெரும்பாலும் இதற்குக் கிடைத்த விடைதான்.

முதலில் அந்த '1' போகும் வழியைப் பார்ப்போம். பழைய 2ஜி வலையமைப்பில், அழைப்பின் நடுவே பொத்தானை அமுக்கினால் நம் கைப்பேசி ஒலி எதையும் அனுப்புவதில்லை. '1 அமுக்கப்பட்டது' என்று கோபுரத்துக்கு ஒரு குறிப்பு போகும். வலையமைப்புதான் அதற்குரிய இரட்டைத் தொனியை உண்டாக்கிக் குரல் தடத்தில் கலக்கும். தோட்டத்துப் பெட்டி அந்தத் தொனியைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கும். 4ஜியில் கதை வேறு. அங்கே குரலே சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. மனிதக் குரலுக்கென்று சுருக்கும் முறை தொனியைச் சிதைத்துவிடக்கூடும் என்பதால், 'இது 1' என்று தனிப் பொட்டலமாகவே எழுதி அனுப்ப ஒரு நெறி உண்டு. விரல் அமுக்கியது ஒன்று, அது பயணம் செய்த உருவம் இரண்டு. பொருள் மாறவில்லை.

மிஸ்டு கால் இன்னும் விசித்திரமானது. அதில் செய்தி என்று ஒரு எழுத்துகூட இல்லை. அழைத்தவரின் எண் மட்டுமே செய்தி. எஸ்எம்எஸ் 140 பைட் கொள்ளும் ஒரு சிறு பொதி. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள், தமிழில் 70. 1992 டிசம்பர் 3 அன்று உலகின் முதல் எஸ்எம்எஸ் போனதிலிருந்து அதன் குணம் மாறவில்லை. செய்தி மையம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், பெறுகிறவர் கிடைக்கும்போது கொடுக்கும். எப்போது கொடுக்கும், எந்த வரிசையில் கொடுக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. செயலி வழியாகப் போகும் கட்டளையோ பெரும்பாலும் டிசிபி என்னும் நெறியின் மேல் ஏறிப்போகிறது.

டிசிபி பிறந்த கதையில் நமக்கு வேண்டிய ஒரு திருப்பம் இருக்கிறது. வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் வழிகண்டு செல்வதும், தொலைந்ததைத் திரும்ப அனுப்புவதும், வரிசைப்படுத்துவதும் ஒரே நெறிக்குள் இருந்தன. கோப்பு அனுப்புகிறவர்களுக்கு அது பொருந்தியது. குரலை அனுப்ப முயன்றவர்களுக்குப் பொருந்தவில்லை. பேச்சின் ஒரு துணுக்கு தொலைந்தால் அதற்காகக் காத்திருப்பதைவிட விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்பதே மேல். 1978இல் அந்த நெறியை இரண்டாகப் பிரித்தார்கள். வழிகண்டு செல்லும் பகுதி ஐபி ஆனது. நம்பகமாகக் கொண்டுசேர்க்கும் பகுதி டிசிபி ஆனது. நம்பகம் வேண்டாதவர்களுக்காக டேவிட் ரீட் வடிவமைத்த யுடிபி என்ற நெறி 1980இல் மூன்றே பக்க ஆவணமாக வெளிவந்தது. அதன் தலைப்புப் பகுதி 8 பைட்தான். எங்கிருந்து, எங்கே, எவ்வளவு நீளம், ஒரு சரிபார்ப்புக் கூட்டல், வேறெதுவும் இல்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வேகம், நம்பகம் என்பதோடு நின்றுவிடுவதில்லை. யுடிபி குடத்தில் மொண்டு கொடுப்பது மாதிரி: ஒரு குடம் கவிழ்ந்து போகலாம், முன்பின்னாக வரலாம், ஆனால் வந்தால் முழுக் குடமாக வரும். டிசிபி வாய்க்கால்: ஒரு சொட்டும் சிந்தாது, வரிசை தவறாது, ஆனால் எந்தத் தண்ணீர் எந்தக் குடத்திலிருந்து ஊற்றப்பட்டது என்று மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாது. அனுப்பியவர் இரண்டு செய்தி அனுப்பினால் இந்தப் பக்கம் ஒரே கொத்தாக வந்து விழலாம், அல்லது மூன்று துண்டாக வரலாம். எது எங்கே முடிகிறது என்பதைச் செயலியே குறித்துவைக்க வேண்டும். புதிதாக நிரல் எழுதும் மாணவர்கள் பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். ஒரே அறைக்குள் சோதிக்கும்போது ஒவ்வொரு செய்தியும் தனித்தனியாகவே வந்து, எல்லாம் சரிபோலத் தோன்றும். தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்த பிறகு உளறும்.

1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் பதிப்பில் 'சாக்கெட்' என்ற வாசல் வந்தது. எந்த நெறிக்குடும்பம், எந்த வகைச் சேவை என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கும் அமைப்பு அது. ஒரே நிரல் பல நெறிகளின் மேல் ஓடும் கனவுக்கு அதுவே பெரிய அடித்தளம். இன்றும் நம் கைப்பேசிக்குள் இருப்பது அதன் வழித்தோன்றல்தான்.

அந்தக் கனவு இந்தியாவிலேயே ஒருமுறை சோதிக்கப்பட்டது. இந்திய அரசின் மின்னணுவியல் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு, சென்னை ஐஐடி உள்ளிட்ட ஐஐடிகளையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தையும் மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தையும் இணைத்தது. முதலில் தொலைபேசி வழியாக மின்னஞ்சல் மட்டும். 1992க்குள் விநாடிக்கு 9,600 பிட் வேகமுள்ள குத்தகைத் தடங்கள். அந்தக் காலத்தில் உலகம் இரு முகாமாக நின்றது. ஒரு பக்கம் அமெரிக்க ஆய்வுலகம் வளர்த்த டிசிபி/ஐபி, மறுபக்கம் பன்னாட்டுத் தர நிறுவனம் ஏழு அடுக்காக வகுத்த ஓஎஸ்ஐ. எது வெல்லும் என்று அன்று எவராலும் சொல்ல முடியவில்லை. எர்நெட் தன் முதுகெலும்புத் தடங்களில் இரண்டையும் சேர்த்தே ஓட்டியது. 1995 வாக்கில் போக்குவரத்து கிட்டத்தட்ட முழுக்க டிசிபி/ஐபிக்கு வந்துவிட்டது. பணமும் வேகமும் குறைவாக இருந்த ஒரு நாடு ஒரே குதிரையின் மேல் பந்தயம் கட்டாமல் இரண்டையும் பழகிப்பார்த்தது விவேகம் என்றே நான் கருதுகிறேன்.

ஓஎஸ்ஐ தோற்றது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் 1987 மே மாதம் மார்ஷல் ரோஸும் டுவைட் காஸும் ஒரு சிறு ஆவணம் எழுதினார்கள். ஓஎஸ்ஐ செயலிகளை மாற்றாமல், அவற்றின் கீழே டிசிபியை வைத்து ஓட்டும் முறை அது. இரண்டுக்கும் நடுவே செய்தியின் நீளத்தைக் குறிக்கும் ஒரு மெல்லிய ஒட்டு மட்டும் போதுமானதாக இருந்தது. டிசிபிக்குத் தெரியாத எல்லைக்கோட்டை அந்த ஒட்டு வரைந்து கொடுத்தது. டிசிபியில் அதற்கு ஒதுக்கப்பட்ட வாசல் (போர்ட்) எண் 102. இன்று ஆலைகளில் இருக்கும் சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகள் அந்த வாசலில்தான் பேசுகின்றன. ஐஇசி 61850 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி கட்டப்படும் துணைமின் நிலையங்களின் கண்காணிப்பும் அதே வாசல் வழியாகத்தான். அடித்தளம் போய்விட்டது, மேலே இருந்த செயலிகள் வேறு அடித்தளத்தின் மேல் வாழ்கின்றன.

இதைவிட நல்ல சான்று கோவையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்குள்ளேயே இருக்கிறது. பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் வந்தபிறகு பெருகிய ஆலைகள் இவை. ஆலைக்குப் பஞ்சுக்கு அடுத்த பெருஞ்செலவுகளில் ஒன்று மின்சாரம். ரிங் ஃபிரேம், கம்ப்ரசர், ஈரப்பதம் காக்கும் விசிறிகள் என்று ஒவ்வொன்றும் எத்தனை யூனிட் தின்கிறது என்று பார்க்க ஆங்காங்கே மீட்டர் இருக்கும். அந்த மீட்டர்கள் பேசும் மொழி பெரும்பாலும் மோட்பஸ். 1979இல் மோடிகான் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக உண்டாக்கியது.

மோட்பஸின் கேள்வி மிக எளிது. '5ஆம் எண் மீட்டரே, இந்தப் பதிவேட்டிலிருந்து இரண்டு எண்களைக் கொடு.' முறுக்கிய இரண்டு கம்பிகளில், ஏறத்தாழ 1,200 மீட்டர் தூரம் வரை இந்தக் கேள்வி போகும். ஒரே கம்பியில் பல மீட்டர்கள் தொங்குவதால் எவருக்கான கேள்வி என்று முதல் பைட் சொல்லும். இரைச்சலில் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கக் கடைசி இரண்டு பைட் சரிபார்ப்புக்கு. கேள்வி முடிந்தது என்று எப்படித் தெரியும்? அமைதியால். மூன்றரை எழுத்து நேரம் கம்பியில் ஒன்றும் வராவிட்டால் முடிந்தது என்று பொருள். விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் அது சுமார் 4 மில்லிவிநாடி.

இந்த அமைதிதான் பின்னால் வினையானது. ஆலைகளுக்குள் கணினி வலையமைப்பு வந்தபோது, கம்பியில் போன அதே பைட்களை அப்படியே டிசிபிக்குள் திணித்து அனுப்பினார்கள் சிலர். டிசிபிக்கு அமைதி என்றால் என்னவென்றே தெரியாது. 4 மில்லிவிநாடி இடைவெளி விட்டு அனுப்பிய இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரே கேள்வி நடுவில் அரை விநாடி தங்கி இரண்டாக வரும். அதுவும் கைப்பேசி வலையமைப்பு வழியாகப் போனால் சொல்லவே வேண்டாம். காலத்தையே நிறுத்தற்குறியாக வைத்த ஒரு மொழியை, காலத்தை மதிக்காத தடத்தில் ஏற்றிய தவறு இது.

சரியான வழி 'மோட்பஸ் டிசிபி' என்ற பெயரில் வந்தது. அதன் வாசல் எண் 502. முன்னால் 7 பைட் தலைப்பு சேர்த்தார்கள். அதில் நீளம் எழுதப்பட்டிருக்கும், ஆகவே அமைதி தேவையில்லை. கேள்விக்கு ஒரு வரிசை எண்ணும் உண்டு, ஆகவே ஒன்றுக்கு விடை வருமுன் இன்னொன்றைக் கேட்கலாம். கடைசி இரண்டு பைட் சரிபார்ப்பை எடுத்துவிட்டார்கள். கீழே உள்ள அடுக்குகள் அதைச் செய்துகொள்கின்றன. கேள்வியின் உடலில் மட்டும் ஒரு பைட்டும் மாறவில்லை. எந்தப் பகுதி செயலிக்குச் சொந்தம், எந்தப் பகுதி தடத்துக்குச் சொந்தம் என்று தெளிவாகப் பிரித்ததால்தான் 1979இல் பிறந்த மொழி இன்றைய மீட்டரிலும் வாழ்கிறது.

ஆனால் ஒன்றை எழுதாமல் விட முடியாது. மோட்பஸ் எவரையும் 'நீ யார்?' என்று கேட்காது. ஆலைக்குள் ஓடும் இரண்டு கம்பிக்கு அது குறையில்லை. கம்பியைத் தொடவேண்டுமானால் வாட்ச்மேனைத் தாண்டி வரவேண்டும். அதே மொழி இணையத்தில் திறந்த வாசலாக நின்றால், உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் மதிப்பைப் படிக்கலாம், எழுதியும் விடலாம். ஆலைச் சுவர் கொடுத்த பாதுகாப்பு எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. தடம் மாறியபோது அது சத்தமில்லாமல் காணாமல் போனது. மறைகுறியாக்கமும் அடையாளச் சான்றும் கொண்ட பாதுகாப்பான வடிவம் 2018இல்தான் வந்தது. ஒரு செயலியைப் புதிய தடத்துக்கு மாற்றும்போது பழைய தடம் கேட்காமலே கொடுத்துவந்தது என்னென்ன என்று கணக்கெடுப்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. நிரலை மாற்றுவது அதன் பக்கத்தில் சின்ன வேலை.

இனி மோட்டாருக்கு வருவோம். 'தடம் நம்பகமானது, ஆகவே செயலி கவலைப்பட வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் ஏற்கலாமா? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1981இல் எழுதி 1984இல் விரித்து வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை சொல்கிறது. அதில் வரும் ரீட், யுடிபியை வடிவமைத்த அதே டேவிட் ரீட். அவர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். பல வலையமைப்புகள் இணைந்த அவர்களுடைய ஏற்பாட்டில் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பு இருந்தது. அதை நம்பி எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். இடையிலிருந்த ஒரு கணினி மட்டும், வாங்கியதை ஒரு நினைவகப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு பைட்களை இடம் மாற்றியது. தடங்களில் பிழையே இல்லை. பிழை தடங்களுக்கு நடுவே இருந்தது. ஓர் இயக்க அமைப்பின் மூலக் கோப்புகள் பல அந்தக் கணினி வழியாகத் திரும்பத் திரும்பப் போயின, அவற்றுள் சில கெட்டன. பழைய அச்சுத்தாள்களோடு கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. வேலை முழுமையாக நடந்ததா என்பதை இரண்டு முனைகளும் தங்களுக்குள் சரிபார்த்தால்தான் உண்டு. நடுவில் இருப்பவர்கள் கொடுக்கும் உறுதி ஓர் உதவி மட்டுமே என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு.

தோட்டத்தில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்தது என்று கைப்பேசியில் குறி விழுகிறது. செயலியில் டிசிபி தன் ஒப்புகையை வாங்கிவிட்டது. இரண்டுக்கும் பொருள், பெட்டிக்குள் இருக்கும் மோடம் செய்தியை வாங்கியது என்பது மட்டுமே. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் ஒட்டியதா? மோட்டாரில் மின்சாரம் பாய்கிறதா? கிணற்றில் தண்ணீர் இருந்து பம்ப் இழுக்கிறதா, அல்லது வறண்டு ஓடுகிறதா? கம்பியில் ஓடும் ஆம்பியரை அளந்து பார்த்தால்தான் தெரியும். வறண்டு ஓடும் மோட்டார் குறைந்த ஆம்பியரைக் காட்டும். நல்ல கருவி அந்த அளவைப் பார்த்துவிட்டு 'மோட்டார் ஓடுகிறது' என்று பதில் அனுப்பும். அதுவே முனையிலிருந்து வரும் உறுதி. அது எந்தத் தடத்தில் வந்தாலும் ஒரே மதிப்புடையது.

கட்டளையின் வடிவமும் முக்கியம். மிஸ்டு கால் கொடுத்தால் ஓடுவது நிற்கும், நிற்பது ஓடும் என்று அமைத்த கருவியை எண்ணிப் பாருங்கள். முதல் அழைப்பு போனதா என்று ஐயம் வந்து இரண்டாம் முறை அழைத்தால், ஓடத் தொடங்கிய மோட்டார் நின்றுவிடும். 'மாற்று' என்பது மோசமான கட்டளை. 'ஓடு' என்பது நல்ல கட்டளை. 'ஓடு' என்று பத்து முறை வந்தாலும் விளைவு ஒன்றே. தொலைக்கும் தடம், இரட்டிக்கும் தடம் எதுவானாலும் அது தாங்கும். எஸ்எம்எஸ்ஸின் தாமதம் இன்னொரு சோதனை. இரவு 9 மணிக்கு 'ஓடு', 10 மணிக்கு 'நில்' என்று அனுப்பி, சிக்னல் இல்லாமல் இரண்டும் மையத்தில் தங்கி, விடியற்காலையில் முன்பின்னாக வந்து சேர்ந்தால்? 'நில்' முதலில் வரும், 'ஓடு' பின்னால் வரும், ஆளில்லாத தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கட்டளையோடு ஒரு வரிசை எண் வேண்டும், இத்தனை நிமிடத்துக்குப் பிறகு செல்லாது என்ற காலக்கெடு வேண்டும். இவற்றைச் செயலியே தன்னோடு எடுத்துச்சென்றால் எந்தத் தடத்தின் மேலும் ஏறலாம். தடத்திடம் ஒப்படைத்தால் அந்தத் தடத்துக்கு அடிமை.

மனிதர்களே இரு முனையாக இருக்கும் ஏற்பாடு ஒன்று இதே கோவை மாவட்டத்தில், வால்பாறையில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடும் மேட்டுநிலம் அது. இருட்டில் வேலை முடிந்து வரும் தொழிலாளி எதிர்பாராமல் யானையின் முன் போய் நிற்பதுதான் பல சாவுகளுக்குக் காரணம். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் எம். ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும் 'இன்ன எஸ்டேட் பக்கம் யானை நிற்கிறது' என்ற ஒரே செய்தியைப் பல வழிகளில் கொண்டுபோனார்கள். உள்ளூர்க் கேபிள் டிவியின் அடியில் ஓடும் வரி, எஸ்எம்எஸ், படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு, கைப்பேசியால் எரியவைக்கும் சிவப்பு விளக்குகள். விளக்குக்குள் ஒரு சிம் கார்டு. கையில் போன் இல்லாமல் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவருக்கும் அது தெரியும். இந்தப் பணிக்காக ஆனந்தகுமார் 2015இல் விட்லி விருது பெற்றார். டிவி வரி வீட்டுக்குள் இருப்பவருக்கு, விளக்கு பாதையில் இருப்பவருக்கு. ஒன்று சென்று சேராத இடத்துக்கு மற்றொன்று சேரும். எல்லாத் தடங்களையும் ஒரே மாதிரி ஆக்க அவர்கள் முயலவில்லை. ஒவ்வொன்றின் குணத்தையும் அறிந்து, செய்தியின் பொருளை மட்டும் ஒன்றாக வைத்தார்கள். பொறியாளர்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

உலக அளவில் இதே பிரிவினை இப்போது வலைத்தளங்களின் அடியில் நடந்திருக்கிறது. வலைப்பக்கத்தைக் கேட்டு வாங்கும் ஹெச்டிடிபி நெறி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டிசிபியின் மேல்தான் ஓடியது. 2021 மே மாதம் க்விக் என்ற புதிய போக்குவரத்து நெறி தரமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஹெச்டிடிபியின் மூன்றாம் பதிப்பு அதன் மேல் ஏறியது. க்விக் யுடிபியின் மேல் அமர்ந்து, டிசிபி செய்த வேலைகளைத் தானே செய்துகொள்கிறது. இணைப்புக்குத் தனி அடையாள எண் வைத்திருப்பதால், வீட்டு வைஃபையிலிருந்து சாலையில் 4ஜிக்கு மாறும்போதும் பேச்சு அறுபடாமல் தொடர முடியும். பார்ப்பவருக்குப் பக்கம் அதே பக்கம்தான். அதன் அடியில் அஸ்திவாரமே மாற்றப்பட்டது, எவருக்கும் தெரியாமல். ஏன் யுடிபியின் மேல் அமர வேண்டும்? முற்றிலும் புதிய நெறியாக வந்தால் வழியில் உள்ள பழைய ரவுட்டர்கள் அதை அறியாமல் தூக்கி எறிந்துவிடும். 2000இல் தரமாக்கப்பட்ட எஸ்சிடிபி என்ற அருமையான நெறிக்கு நேர்ந்தது அதுதான். அது பொது இணையத்தில் பரவவில்லை. ஆனால் சூலூரிலும் காங்கேயத்திலும் நிற்கும் ஒவ்வொரு 4ஜி கோபுரமும் தன் மையத்தோடு கட்டுப்பாட்டுச் செய்திகளை இன்று பேசுவது எஸ்சிடிபியில்தான்.

இணையத்தின் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் குழு 2025 ஜனவரியில் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தது. செயலி 'எனக்கு டிசிபி கொடு' என்று கேட்பதற்குப் பதில் 'வரிசை தவறக்கூடாது, தாமதம் கூடாது, செய்தியின் எல்லை காக்கப்பட வேண்டும்' என்று தன் தேவையைச் சொல்லும். எந்த நெறி பொருந்தும் என்று கீழே உள்ள அமைப்பு தேர்ந்து, தேவைப்பட்டால் பலவற்றை ஒரே நேரத்தில் முயன்று, முதலில் கிடைத்ததைப் பிடிக்கும். நல்ல திசை இது. ஆனாலும் எல்லாத் தடங்களின் குணத்தையும் மறைத்துவிடலாம் என்று எதிர்பார்க்கக்கூடாது. தேவையைச் சொல்லத் தெரியாதவருக்கு எந்த இடைமுகமும் உதவாது.

இவ்வளவையும் ஏன் ஒரு விவசாயி பொருட்படுத்த வேண்டும்? ஏனென்றால் கிணறும் குழாயும் கைப்பேசித் தலைமுறைகளைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழ்நாட்டில் முடங்கியது. மக்கள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற அலைந்தார்கள். மோட்டார் பெட்டிக்குள் ஏர்செல் சிம் போட்டிருந்தால் அந்தப் பெட்டியும் அன்றே ஊமை. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜி வலையமைப்பே கிடையாது. 2ஜி மோடம் வைத்த பழைய ஸ்டார்ட்டரில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. இனி 2ஜி மெல்ல மறையும்போது இன்னும் பல பெட்டிகள் மௌனமாகும். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் கொண்டுபோகிறது. மக்கள் அறுபது ஆண்டுக்குமேல் கேட்டு, 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்து பெற்ற திட்டம் அது. அத்தகைய திட்டங்களின் குழாய்கள் பல பத்தாண்டு இருக்கும். அவற்றைக் கண்காணிக்கும் கருவிகள் ஒரே தடத்தைச் சார்ந்திருக்கக்கூடாது.

ஆகவே மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் விலையோடு இவற்றையும் கேளுங்கள். மோடம் 4ஜியில் ஓடுமா, எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்குமா? நெட் இல்லாதபோது எஸ்எம்எஸ்ஸில் வேலை செய்யுமா? 'ஓடுது' என்று வரும் பதில் ஆம்பியரைப் பார்த்துச் சொல்வதா, கட்டளை வந்தது என்பதை மட்டும் சொல்வதா? ஒரே கட்டளை இரண்டு முறை போனால் என்ன ஆகும்? அழைத்தவர் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால், எண்ணைத் தவிர வேறு கடவுச்சொல் உண்டா? பதில் சொல்லத் திணறும் கருவியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.